நியமனம் கிடைத்த பிறகு

எல்லோருக்கும் வணக்கம். ஊராட்சி வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள், அதனால் நேராகவே விஷயத்துக்கு வருகிறேன்.

ஒவ்வொரு கிராம ஊராட்சியிலும் ஒரு மாற்றுத்திறனாளி நியமன உறுப்பினராக இருக்க 2025 ஏப்ரலில் நம் சட்டமன்றம் வழி செய்தது. செலவு செய்து, வீடு வீடாக ஏறி இறங்கி, தேர்தலில் ஜெயிக்க முடியாதவர்களுக்கு இது பெரிய வாசல். மனதார வரவேற்கிறேன்.

ஆனால் கொல்லிமலையையும் ஜவ்வாது மலையையும் கல்வராயன் மலையையும் நினைத்துப் பாருங்கள். அங்கே ஊராட்சி என்றால் ஒரே ஊர் இல்லை. சிதறிக் கிடக்கும் குக்கிராமங்கள், நடுவில் ஓடை, மேடு, பள்ளம். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் டிக்கெட் கிடையாது. நல்ல திட்டம்தான், ஆனால் பஸ்ஸே வராத ஊருக்கு அதனால் என்ன பயன்?

சரி, மாற்றுத்திறனாளி என்பதற்கான சான்றிதழுக்கு வருவோம். உதவித்தொகை, வேலை, வீடு என்று எதைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். அதை வாங்க மலையிறங்கி அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கூடப் போகிறவரின் அன்றைய கூலி போய்விடும். டாக்டர் இல்லை, அடுத்த வாரம் வா என்றால் மறுபடியும் அதே அலைச்சல். அதனால் படுக்கையை விட்டு எழ முடியாதவர் பெயர்தான் முதலில் பட்டியலில் விடுபட்டுப் போகிறது. யாருக்கு உதவி அதிகம் வேண்டுமோ, அவர் அரசின் கணக்கிலேயே இல்லை.

இந்த நிலையில் நியமன உறுப்பினராக யார் வருவார்? பெரும்பாலும் தாய் கிராமத்தில் இருக்கும், ஓரளவு நடமாட முடிகிற ஓர் ஆண். அவர் வரட்டும், தப்பில்லை. கடைசிக் குக்கிராமத்தில் இருக்கும் காது கேளாத பெண்ணுக்காக யார் பேசுவது?

அந்தப் பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பள்ளிக்கே போகாதவருக்கு நகரத்தில் கற்றுத்தரும் சைகை மொழி தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வீட்டுக்குள் தானாக உருவான சைகைகள்தான் அவர் பேச்சு. அது அம்மாவுக்குப் புரியும், தங்கைக்குப் புரியும், வெளியிலிருந்து வரும் மொழிபெயர்ப்பாளருக்குப் புரியாது. ஆகவே கிராம சபைக்கு அவரைக் கூப்பிடும்போது அந்தத் தங்கையையும் கூப்பிடுங்கள். பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் சைகையில் சொல்லி முடிக்கும்வரை அடுத்த பொருளுக்குப் போகாதீர்கள். இதற்கு எந்த நிதியும் வேண்டாம், கொஞ்சம் பொறுமை போதும்.

இப்போது ஆண்டுக்கு 6 கிராம சபை நடக்கிறது. அதில் இரண்டையாவது தொலைவில் இருக்கும் குக்கிராமங்களில் நடத்துங்கள். நியமன உறுப்பினருக்கு நாற்காலியோடு ஒரு நோட்டும் கொடுங்கள். அங்கன்வாடிப் பணியாளரையும் கிராமச் செவிலியரையும் துணைக்கு வைத்துக்கொண்டு, சான்றிதழ் இருக்கிறதா இல்லையா என்று பாராமல், வீடு வீடாக எல்லா மாற்றுத்திறனாளிகளின் பெயர்களையும் அவர் எழுதட்டும். அப்புறம் சான்றிதழ் இல்லாதவர்களுக்காக மருத்துவ முகாமை மலைக்கே அனுப்பச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். வாய்ப்பேச்சாக விட்டுவிடாதீர்கள். பெயர் பெயராகத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, நகலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பதில் வந்ததா என்று அடுத்த சபையில் முதல் பொருளாகவே கேளுங்கள்.