முதல் படிக்கு ஒரு பட்டை

நேயர்களுக்கு வணக்கம்.

கராத்தே வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் மாஸ்டரிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "பிளாக் பெல்ட் வாங்க எத்தனை வருஷம் ஆகும் சார்?" கேட்பதில் தவறில்லை. ஆனால் அதைக் கேட்கும்போது நம் மனதில் ஒரு பட்டமளிப்பு விழா ஓடுகிறது. பெல்ட் வந்துவிட்டால் படிப்பு முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தப் பட்டையை உண்டாக்கியவர்கள் அப்படி நினைக்கவில்லை. பெயரைப் பார்த்தாலே தெரியும். கறுப்புப் பட்டையின் முதல் நிலைக்கு ஜப்பானிய மொழியில் 'ஷோடான்' என்று பெயர். 'டான்' என்றால் படி. இரண்டாவது நிலை 'நிடான்', மூன்றாவது 'சான்டான்'. இவற்றில் இருப்பவை இரண்டு, மூன்று என்ற எண்கள். முதல் நிலைக்கு மட்டும் ஒன்று என்ற எண்ணைப் போடாமல், தொடக்கம் என்று பொருள் தரும் 'ஷோ'வைப் போட்டிருக்கிறார்கள். தொடக்கப் படி, அவ்வளவுதான்.

இந்தப் படிக்கணக்கு 'கோ' என்ற பலகை ஆட்டத்திலிருந்து வந்தது. அதைப் போர்க்கலைக்குக் கொண்டுவந்தவர் ஜிகோரோ கானோ. 1882இல் டோக்கியோவில் கோடோகான் ஜூடோ பள்ளியைத் தொடங்கியவர். அதற்கு முந்தைய பள்ளிகளில் தேர்ச்சிக்கு அடையாளம் ஆசான் எழுதிக் கொடுக்கும் சுருள். நிலைகள் மிகக் குறைவு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே பல ஆண்டுகள் கிடக்கும். மாணவன் எங்கே நிற்கிறான் என்று அவனுக்கே தெரியவேண்டும் என்றுதான் கானோ இடைப்படிகளை வைத்தார். 1883இல் ஷிரோ சாய்கோ, சுனெஜிரோ டொமிதா என்ற இரண்டு மாணவர்களுக்கு ஷோடான் கொடுத்தார். அன்றைக்கு அவர்கள் கட்டிக்கொள்ளக் கறுப்புப் பட்டை என்று ஒன்றே கிடையாது. அது சில ஆண்டுகள் கழித்து வந்தது. கராத்தே இன்னும் பிந்தி. கராத்தே பிறந்த ஒக்கினாவா தீவில் அதற்குப் பட்டை கட்டும் வழக்கம் இருந்ததில்லை. அங்கிருந்து 1922இல் டோக்கியோ வந்த கிச்சின் ஃபுனகோஷி, கோடோகானில் கானோவின் முன்னிலையில் கராத்தேயைச் செய்து காட்டினார். பிறகு கானோவின் டான் முறையை எடுத்துக்கொண்டு, 1924 ஏப்ரல் 10 அன்று ஏழு பேருக்கு முதல் டான் வழங்கினார். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் எல்லாம் ஐரோப்பாவில் ஜூடோ பரவியபோது பெருகியவை.

பெல்ட்டைத் துவைக்கவே கூடாது, வெள்ளை பெல்ட் வியர்வையிலும் மண்ணிலும் ஊறித்தான் கறுப்பானது என்று ஒரு கதை நம் வகுப்புகளிலும் சொல்லப்படுகிறது. அதற்கு வரலாற்றில் இடமில்லை. கறுப்பு நிறம் தெரிந்தே தேர்ந்தெடுக்கப்பட்டது. பருத்திப் பட்டை வியர்வையில் ஊறினால் மஞ்சளடித்துப் போகுமே தவிர கறுக்காது. தாராளமாகத் துவையுங்கள், துவைக்காத பெல்ட்டில் சொறியும் படையும்தான் வளரும்.

சரி, அந்தத் தொடக்கப் படியில் ஏற எதைச் சோதிக்கிறார்கள்? நம் ஊரில் பரவலாக இருக்கும் ஷோட்டோகான் கராத்தேயை எடுத்துக்கொள்வோம். தேர்வில் மூன்று பகுதி: கிஹோன் என்கிற அடிப்படை அசைவுகள், கட்டா என்கிற, வரிசை மாறாமல் தனியாகச் செய்யும் அசைவுத் தொடர், குமிதே என்கிற இருவர் மோதும் பயிற்சி.

கிஹோனில் மாணவர் முன்னால் நகர்ந்துகொண்டே குத்துவார், தடுப்பார், உதைப்பார். பார்வையாளர்கள் கையைப் பார்ப்பார்கள். தேர்வாளர் காலையும் தலையையும் பார்ப்பார். ஜென்குட்சு நிலையில் முன்கால் முட்டி மடங்கி, பின்கால் நீண்டு, குதிகால் தரையில் படிந்திருக்கவேண்டும். அங்கிருந்து ஓர் அடி எடுத்து வைக்கும்போது தலை ஒரே மட்டத்தில் போகவேண்டும். தலையில் தண்ணீர்க்குடம் வைத்து நடப்பவர் எப்படிப் போவாரோ அப்படி. பலருக்கு நடுவழியில் தலை எழும்பி மறுபடி இறங்கும். காரணம் தொடை வலி. வலியைக் குறைக்க முன்முட்டி தானாக நிமிர்ந்துவிடுகிறது. முட்டி நிமிர்ந்தால் பின்காலின் உந்துதல் முன்னே போகாமல் மேலே போய்விடும், குத்து பலமிழக்கும். எதிரில் நிற்பவருக்கும் அந்த எழும்பல் ஒரு முன்னறிவிப்பு. அடுத்தது பின் குதிகால். கணுக்கால் இறுகியிருந்தாலோ, நிலையைத் தேவைக்கு மேல் நீட்டினாலோ அது தூக்கிக்கொள்ளும். குத்தின் எதிர்விசையைத் தரை தாங்காமல் உடம்பு பின்னால் ஆடும். மூன்றாவது தோள். பலமாகக் குத்த நினைக்கிறவருக்குத் தோள் காதை நோக்கி ஏறும், அக்குள் திறக்கும், முழங்கை வெளியே விலகும். இந்த மூன்றும் மஞ்சள் பெல்ட்டில் சொல்லிக்கொடுத்த பாடங்கள். நூறு தடவை குத்திக் களைத்த பிறகும் உடம்பு இவற்றை மறக்காமல் இருக்கிறதா என்பதுதான் பிளாக் பெல்ட் தேர்வில் கேள்வி.

கட்டாவுக்கு வருவோம். பஸ்ஸாய் டாய், கன்கு டாய், ஜியோன் போன்றவற்றில் ஒன்றை மாணவரே தேர்ந்துகொள்வார். கன்கு டாயில் 65 அசைவுகள். நான்கு பக்கமும் திரும்பி, குதித்து, தரையோடு தாழ்ந்து, கடைசியில் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரவேண்டும். வந்து சேர்ந்த இடம் ஒரு முழம் தள்ளியிருந்தால், எங்கோ ஓர் அடி குறுகியிருக்கிறது அல்லது ஒரு திருப்பத்தில் பாதம் வழுக்கியிருக்கிறது என்று அர்த்தம். திரும்பும்போது முதலில் முகம், பிறகு உடம்பு; உடம்போடு சேர்ந்து முகமும் திரும்பினால் எதிரியைப் பார்க்காமலேயே தடுத்ததாக ஆகும். இதையெல்லாம் நன்றாகச் செய்துவிட்டு நிம்மதியாக நிற்கும் நேரத்தில், தேர்வாளர் ஹெய்யான் வரிசையில் ஒன்றைச் செய்யச் சொல்வார். ஹெய்யான் ஐந்தும் தொடக்க நிலைக் கட்டாக்கள். முதலாவதான ஹெய்யான் ஷோடானில் (இங்கே ஷோடான் என்பது கட்டாவின் பெயர், பட்டை நிலை அல்ல) 21 அசைவுகள்தான். தடுமாறுகிறவர்கள் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஒரு வருஷமாகப் பெரிய கட்டாவையே பழகியதில், சின்னது உடம்பைவிட்டு நழுவியிருக்கும்.

குமிதே என்றதும் அடிதடியைக் கற்பனை செய்யவேண்டாம். ஷோடானுக்கு வழக்கமாகக் கேட்பது 'ஜியூ இப்போன்' முறை. தாக்குபவர் முகமா, வயிறா, எந்த உதையா என்று முதலிலேயே சொல்லிவிட்டுத் தாக்குவார். என்ன வரும் என்று தெரியும். எப்போது வரும் என்று தெரியாது. தடுப்பவர் நகராவிட்டால் அடி விழவேண்டும், அப்படி உண்மையாகத் தாக்கவேண்டும். இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். ஒன்று, பயத்தில் தாக்குதல் கிளம்பும் முன்பே விலகிவிடுவது. இன்னொன்று, தேவைக்கு மேல் பின்வாங்குவது. தடுப்பு அழகாக இருக்கும், பதில் குத்து மட்டும் ஒரு சாண் குறையும். எட்டிப் பிடிக்க உடம்பைக் குனிந்து நீட்டுவார்கள், நிலை குலையும். பதில் குத்து தோலுக்குச் சற்று முன்னால் நிற்கவேண்டும். நிறுத்தத் தெரியாமல் எதிரில் நின்றவரின் மூக்கை உடைத்தவருக்கு பெல்ட் கொடுப்பதற்கில்லை.

இதற்கு எத்தனை காலம்? வாரம் இரண்டு நாள், ஒன்றரை மணி நேர வகுப்பு என்றால் வாரத்துக்கு 3 மணி. வருஷத்துக்கு 150 மணி. நான்கு வருஷத்தில் 600 மணி. வாரம் ஐந்து நாள் இரண்டு மணி நேரம் பழகுகிறவருக்கு ஒரே வருஷத்தில் 500 மணி ஆகிவிடும். ஜப்பானியப் பள்ளி ஜூடோ சங்க மாணவர்கள் ஓரிரு ஆண்டுகளில் ஷோடான் வாங்குவது இந்தக் கணக்கில்தான். அங்கே அதை யாரும் குரு நிலை என்று எண்ணுவதில்லை. இன்னொரு கணக்கும் போடலாம். கறுப்புக்கு முந்தைய நிலைகளுக்குக் 'கியூ' என்று பெயர், எண் பத்திலிருந்து ஒன்றுக்கு இறங்கும். பத்தாம் கியூவில் தொடங்கி, கீழ் நிலைகளில் மூன்று மாதத்துக்கு ஒரு தேர்வு, கடைசி மூன்றான பழுப்பு நிலைகளில் ஆறு மாதத்துக்கு ஒன்று என்று நடத்தும் பள்ளியில், ஒரு தேர்வும் தவறாமல் தேறினாலும் 39 மாதம் ஆகும். ஒரே வருஷத்தில் பிளாக் பெல்ட் என்று போர்டு வைத்திருந்தால், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். வாரம் 3 மணிதான் என்று பதில் வந்தால், எதையோ விட்டுவிட்டார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். டேக்வாண்டோவின் தலைமையகமான குக்கிவோன், 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு டான் கொடுப்பதில்லை; 'பூம்' என்ற தனி நிலை, பாதி சிவப்பும் பாதி கறுப்புமான பட்டை. பிரேசிலிய ஜியு-ஜிட்சுவின் சர்வதேசக் கூட்டமைப்பு 19 வயதுக்கு முன் கறுப்புப் பட்டைக்கு இடம் தருவதில்லை. எட்டு வயதுப் பெண் கட்டாவை அப்பழுக்கில்லாமல் செய்யலாம். அந்த உழைப்பைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் 25 கிலோ குழந்தை 70 கிலோ ஆளைத் தடுத்துவிடும் என்று அந்தப் பட்டையை நம்பி யாரும் இருந்துவிடக் கூடாது. கூச்சல் போட்டுக்கொண்டு ஓடு என்று சொல்லிக்கொடுப்பதுதான் அவளுக்கான தற்காப்பு.

பட்டையே இல்லாமலும் டான் உண்டு. கெண்டோ வாள் கலையில் நிலையைக் காட்ட எந்த நிறமும் கிடையாது. அதன் எட்டாம் டான் தேர்வு எழுத 46 வயது ஆகியிருக்கவேண்டும், ஏழாம் டான் வாங்கிப் பத்து ஆண்டுகள் பழகியிருக்கவேண்டும். அப்படி வருகிறவர்களிலும் தேறுவது நூற்றில் ஒருவர் அளவுதான். தேறியவரும் முதல் நாள் உடுத்திய அதே உடையில்தான் மறுநாளும் வந்து நிற்பார்.

கறுப்பு பெல்ட்டை விளையாட்டுப் பொருள் கடையில் யார் கேட்டாலும் கொடுப்பார்கள். பார்க்கவேண்டியது சான்றிதழ். எந்த அமைப்பு கொடுத்தது, தேர்வாளர் யார், பதிவு எண் இருக்கிறதா, அந்த எண்ணை அமைப்பிடம் கேட்டுச் சரிபார்க்க முடியுமா? சொல்லிக்கொடுத்த மாஸ்டர் ஒருவரே தேர்வாளராகவும் இருக்கிறாரா, வெளியிலிருந்தும் ஆள் வருகிறாரா? தேர்வுக் கட்டணம் எவ்வளவு என்று முதல் நாளே சொல்கிறார்களா? இதையெல்லாம் கேட்பதற்குக் கூச்சப்படவேண்டியதில்லை.

முடிந்தால், சேர்ப்பதற்கு முன் ஒரு பெல்ட் தேர்வை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். வந்த அத்தனை பேரும் தேறிவிடுகிறார்களா என்று பாருங்கள். தேறாத பிள்ளையைக் கூப்பிட்டு, "உன் பின் குதிகால் தூக்குது, ஹெய்யான் நிடானில் திரும்பும்போது கீழே பார்க்கிறாய், மூன்று மாசம் இதைப் பழகிட்டு வா" என்று பக்கத்தில் நின்று சொல்கிற இடமாக இருந்தால், அங்கே சேர்த்துவிடுங்கள்.

வணக்கம்.