அந்த அம்மாவின் பேச்சு எனக்குத் தெரியும்

வணக்கம் நேயர்களே. மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே ஒரு சிறு ஊரில் இருபத்தாறு வருடமாக கிளினிக் வைத்திருக்கிறேன். ஒரு அறை, வாசலில் இரண்டு பெஞ்சு, ஒரு கம்பவுண்டர். கொரோனா காலத்தில் குடும்ப டாக்டர்கள் என்ன செய்தார்கள் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். செய்யாததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2020 மார்ச் 25, ஊரடங்கு தொடங்கிய அன்று ஷட்டரை இறக்கினேன். பத்தொன்பது நாள் திறக்கவில்லை. வீட்டில் எண்பது தாண்டிய அம்மா, போட்டுக்கொள்ள ஒழுங்கான கவச உடை இல்லை. காரணமெல்லாம் உண்மைதான். பயந்துவிட்டேன் என்பதும் உண்மை. அதே மார்ச் 25-ஆம் தேதிதான் போனில் வைத்தியம் பார்ப்பதற்கான விதிகளை மத்திய அரசு வெளியிட்டது. அதற்கு முன்பு போனில் மருந்து சொல்வது சரியா தப்பா என்று எங்களுக்கே தெளிவு கிடையாது. ஊர்க்காரர்கள் விதிக்கெல்லாம் காத்திருக்கவில்லை. போன் அடித்துக்கொண்டேதான் இருந்தது.

இரண்டாம் அலையில் அந்தப் போன்தான் கிளினிக். 2021 மே மாதம், ராத்திரி எட்டு மணி. பழைய சுகர் நோயாளி ஒரு பெரியம்மா பேசினார். காய்ச்சல் கண்டு ஆறாவது நாள். "ஒண்ணுமில்ல தம்பி... காச்ச விட்டுட்டு... நாத்தங்காலுக்கு... வெத ஊற வைக்கணும்." மேட்டூர் திறக்க ஜூன் 12 ஆகும், பம்புசெட் உள்ளவர்கள் அதற்கு முன்பே குறுவைக்கு நாற்று விட்டுவிடுவார்கள். அந்த அவசரம் அவருக்கு. ஆனால் பம்புசெட்டில் ஆரம்பித்தால் மருமகளின் தங்கை கல்யாணம் வரைக்கும் மூச்சு விடாமல் பேசுகிறவர் அவர். இன்றைக்கு இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை நிற்கிறார். நிற்பது அவருக்கே தெரியவில்லை. பேரனை விட்டு, விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜனைக் காட்டும் ஆக்சிமீட்டரை வைத்துப் பார்த்தால், 87. 94-க்குக் கீழே இறங்கக் கூடாதது.

இந்த நோயின் சூது அதுதான். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே போகும், ஆளுக்கு மூச்சு முட்டாது. காய்ச்சல் விட்டதும் நல்லாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். வண்டி வரும்வரை திண்ணையில் குப்புறப் படுக்கவைக்கச் சொன்னேன். திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சேர்த்து, பதினாலாம் நாள் வீடு திரும்பினார். வேறு டாக்டர் போனை எடுத்திருந்தால், "காய்ச்சல் விட்டுவிட்டதா, நல்லது" என்று வைத்திருக்கலாம். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த அம்மா எப்படிப் பேசுவார் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த மாதங்களில் நான் எழுதிக்கொடுத்ததைவிட எழுத மறுத்ததுதான் அதிகம். வாட்ஸ்அப்பில் ஒரு மருந்துச் சீட்டு சுற்றியது. யார் எழுதியதோ, முதல் நாளிலிருந்தே ஸ்டீராய்டு. டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காத்தது நிஜம். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2020 ஜூனில் பிரிட்டன் ஆய்வு ஒன்று சொன்னது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை என்றும் அதே ஆய்வுதான் சொன்னது. சீட்டை அனுப்பியவர்கள் இந்தப் பாதியை விட்டுவிட்டார்கள். நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு சுகர். ஸ்டீராய்டு அதை இன்னும் ஏற்றும், எதிர்ப்புச் சக்தியை அமுக்கும். அப்படிப்பட்ட உடம்பைத் தேடித்தான் கருப்புப் பூஞ்சை வந்தது. "சிங்கப்பூர்ல இருக்கற பையன் சொல்றான், நீங்க ஏன் எழுத மாட்டேங்கறீங்க?" என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. இருபது வருடமாக என்னிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள். அதனால் திட்டிவிட்டாவது கேட்டார்கள். கைராசி என்கிறார்களே, அது இதுதானோ என்னவோ.

கொரோனா வராதவர்களையும் பார்க்க வேண்டியிருந்தது. பஸ் ஓடாததால் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்கள் பலர். பால்காரர் மூலம் மாத்திரை அனுப்பினோம். 2021 ஆகஸ்ட் 5-இல், வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியபோது, எங்கள் பால்காரர் அது தன்னுடைய யோசனை என்றே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஐந்து ஆக்சிமீட்டர் வாங்கி, பிளாஸ்திரி ஒட்டி நம்பர் போட்டு, தெருவுக்கு ஒன்றாகக் கொடுத்து வைத்திருந்தேன். வயலில் இருந்து வந்த சில்லிட்ட விரலில் வைத்தால் தப்பாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு வை என்பேன். நகத்தில் பாலிஷ் இருந்தால் அழித்துவிடு. 94-க்குக் கீழே போனால் யாரிடமும் யோசனை கேட்காதே, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. ஐந்தில் மூன்று திரும்பி வந்தது. ஒன்று வாய்க்காலில் விழுந்துவிட்டதாம். நாலாம் நம்பர் மட்டும் டீக்கடைக்காரரிடமே தங்கிவிட்டது. இன்றைக்கும் கடையில் யாராவது இருமினால், டீ ஆற்றுவதற்கு முன்பு விரலை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் போடுகிறார்: "டாக்டரே, தொண்ணூத்தெட்டு காட்டுது. டீ குடுக்கவா, உங்ககிட்ட அனுப்பவா?"

நன்றி, வணக்கம்.