பதிவேடும் தொண்டுதான்

தலைப்பு: நகரக் குடியிருப்பில் சமய அமைப்பு நடத்தும் சமுதாய நல மையம் மக்களுக்குப் பெரிதும் பயன்படுவது தொண்டுள்ளத்தாலா, நிர்வாக ஒழுங்காலா? ‘நிர்வாக ஒழுங்கால்தான்’ என்னும் அணியின் உரை.

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் எதிரணி நண்பர்களுக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவர் மூன்று செய்திகளை வைத்தார். வழிபாட்டு இடத்திலிருந்து அழைப்பு வந்தால் மக்கள் நம்பி வருகிறார்கள் என்றார். மருத்துவர்கள் சம்பளம் வாங்காமல் சனிக்கிழமைகளில் வந்து பார்க்கிறார்கள் என்றார். மருந்து நன்கொடையாகவே குவிகிறது என்றார். ‘இதெல்லாம் பதிவேட்டைப் பார்த்தா வந்தது?’ என்று கேட்டுவிட்டு அமர்ந்தார். அவர் எடுத்துக்கொண்ட அந்த மூன்றையும் வைத்தே நான் பேசுகிறேன்.

முதலில் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். சிகாகோவின் மேற்குப் பகுதியில் லாண்டேல் கிறிஸ்தவ நல மையம் 1984இல் ஒரு தேவாலயத்தின் முயற்சியால் பிறந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் 1992 கலவரத்துக்குப் பிறகு, பாதிக்கப்பட்ட தெற்குப் பகுதிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று முஸ்லிம் மருத்துவ மாணவர்கள் கூடினார்கள். 1996இல் ‘உம்மா’ மருத்துவ நிலையம் திறந்தது. உலகத் திருச்சபைகள் மன்றம் 1968இல் அமைத்த கிறிஸ்தவ மருத்துவ ஆணையத்தின் சிந்தனை, 1978இல் அல்மா ஆட்டா நகரில் உலக நாடுகள் கூடி ஆரம்ப சுகாதாரம் பற்றிய அறிவிப்பை உருவாக்கியபோது அதற்குள் போய்ச் சேர்ந்தது. தொடங்கி வைத்தது தொண்டுள்ளம். அதில் எங்கள் அணிக்கு ஐயமே இல்லை. ஆனால் நடுவர் கொடுத்த தலைப்பில் ‘தொடங்குவது’ என்ற சொல் இல்லை, ‘பயன்படுவது’ என்ற சொல் இருக்கிறது. நான் சொன்ன சிகாகோ மையமும் லாஸ் ஏஞ்சலிஸ் மையமும் பின்னாளில் அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் உதவிக்குத் தகுதி பெற்ற நல மையங்களாக மாறின. அப்படி மாறினால் வருமானத்துக்கேற்ற கட்டணம், பாதிக்கு மேல் நோயாளிகளே அமர்ந்த நிர்வாகக் குழு, எத்தனை பேருக்கு இரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்தது என்ற ஆண்டுக் கணக்கு, இவ்வளவையும் ஏற்க வேண்டும். உள்ளம் நிறைந்தவர்கள் ஏன் இந்தச் சுமையைத் தேடிப் போய் ஏற்றுக்கொண்டார்கள்? அதற்கான விடை அன்றாட வேலைக்குள் இருக்கிறது.

வழிபாடு முடிந்து மக்கள் வெளியே வருகிறார்கள். வாசலில் ஒரு மேசை, மேசைமேல் பிரஷர் கருவி. தொண்டர் அன்போடு கூப்பிடுகிறார். வந்தவர் இப்போதுதான் படியேறி இறங்கியிருக்கிறார், காபி குடித்திருக்கிறார், பக்கத்தில் நிற்பவரோடு பேசிக்கொண்டே கையை நீட்டுகிறார். முதுகுக்குச் சாய்வில்லாத நாற்காலி. கை தொங்குகிறது. பருமனான கைக்குச் சின்னக் கைப்பட்டை. நடுவர் அவர்களே, இதில் ஒவ்வொன்றும் அளவைக் கூட்டிக் காட்டும். இல்லாத பிரஷரோடு ஒருவர் பயந்துபோய் வீட்டுக்குப் போவார். அடுத்த வாரம் வேறோர் இடத்தில் சரியான அளவு வந்ததும், ‘இவர்கள் சொன்னது எல்லாமே தப்பு’ என்று முடிவு செய்வார். எதிரணி சொன்ன நம்பிக்கை அந்த மேசையிலேயே உடைந்துபோகிறது.

ஒழுங்கு என்ன கேட்கிறது? சத்தமில்லாத ஓர் அறை. அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் காபியும் புகையும் இல்லை. சிறுநீர் கழித்துவிட்டு வந்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் இரண்டும் தரையில், கால்மேல் கால் கூடாது. கை இதயத்தின் உயரத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். துணிக்கு மேல் பட்டை கட்டக் கூடாது. மூன்று அளவில் கைப்பட்டைகள் தயாராக இருக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து சராசரி எழுத வேண்டும். 140க்கு 90 அல்லது அதற்கு மேல் வந்தால், ‘உப்பைக் குறையுங்கள்’ என்று மட்டும் சொல்லி அனுப்பாமல், இன்னொரு நாளுக்குத் தேதியும் நேரமும் எழுதிய சீட்டைக் கையில் கொடுக்க வேண்டும். ஏனென்றால் வேறு வேறு நாளில் இருமுறை உயர்ந்திருந்தால்தான் பொதுவாக அதை நோய் என்று உறுதிசெய்வார்கள். 180க்கு 120ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ பேச்சுக்குழறலோ இருந்தால், சீட்டெல்லாம் கிடையாது, உடனே ஆம்புலன்ஸ். எந்த அளவு வந்தால் யாரை அழைப்பது என்று மேசையிலேயே ஒட்டியிருக்க வேண்டும். இதில் எதுவும் அன்புக்கு எதிரானதில்லை. ஆனால் அன்பு மட்டும் இருந்தால் இதில் எதுவும் தானாக நடப்பதில்லை.

அடுத்தது, சம்பளம் வாங்காத மருத்துவர். அவரை நான் வணங்குகிறேன். சனிக்கிழமை காலை வருகிறார், இருபது பேரைப் பார்க்கிறார். ஒருவருக்குப் பிரஷருக்காக ஒரு மாத்திரை தொடங்குகிறார். அந்த வகை மாத்திரையைத் தொடங்கினால் ஓரிரு வாரத்தில் இரத்தத்தில் சிறுநீரகச் செயல்பாடும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும், அதையும் எழுதிக் கொடுக்கிறார். இரத்தம் எடுத்தாயிற்று. முடிவு செவ்வாய்க்கிழமை வருகிறது. பொட்டாசியம் கூடியிருக்கிறது, இன்னும் கூடினால் இதயத் துடிப்பே தடம் புரளலாம். செவ்வாய்க்கிழமை அந்த மருத்துவர் எங்கே? தம் சொந்த வேலையில் இருக்கிறார். அடுத்த சனிக்கிழமை வருபவர் வேறொருவர். அந்தத் தாள் ஒரு தட்டில் கிடக்கிறது. அங்கே தொண்டுள்ளத்துக்கு ஒரு குறையும் இல்லை, எல்லாரும் நல்லவர்கள். அந்தத் தாளைப் பார்ப்பதுதான் யாருடைய வேலையாகவும் இல்லை.

இதற்கு மருந்து நான்கு கட்டம் போட்ட ஒரு பதிவேடு. பரிசோதனை எழுதிய நாள், முடிவு வந்த நாள், பொறுப்பானவர் படித்துக் கையெழுத்திட்ட நாள், நோயாளிக்குச் சொன்ன நாள். தினமும் மாலை ஒரு செவிலியர் அதைத் திறந்து எந்தக் கட்டம் காலி என்று மட்டும் பார்த்தால் போதும். முடிவே வராத பரிசோதனையும் அதில் தெரிந்துவிடும். குழாய் உடைந்திருக்கலாம், பெயர்ச்சீட்டு மாறியிருக்கலாம், நோயாளி இரத்தம் கொடுக்கவே போகாமலும் இருந்திருக்கலாம். வராத தாளைத் தட்டில் தேட முடியாது; பதிவேட்டில்தான் தேட முடியும். ஆபத்தான முடிவு வந்தால் எந்த மருத்துவரைக் கூப்பிடுவது, அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்று பெயர் எழுதியிருக்க வேண்டும். தொண்டு மருத்துவர் ஒவ்வொருவருக்கும் உரிமம் செல்லுபடியாகிறதா என்று சரிபார்த்த கோப்பும் வேண்டும். அவரை அவமதிக்கும் செயல் என்று சில இடங்களில் இதைக் கேட்கத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்கு விலை கொடுப்பது நோயாளி.

மூன்றாவது, குவியும் மருந்து. இங்கேதான் எதிரணியின் வாதம் மிகவும் பலவீனமானது என்று நினைக்கிறேன். நன்கொடை மருந்தால் விளைந்த தொல்லைகளைப் பார்த்துத்தான் உலக சுகாதார நிறுவனம் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து 1996இல் அதற்கென்றே நெறிமுறை வெளியிட்டது. வந்து சேரும்போது குறைந்தது ஓராண்டாவது காலாவதிக்கு மிச்சம் இருக்க வேண்டும், பெறுபவர் கேட்ட மருந்தாக இருக்க வேண்டும், நோயாளிகள் திருப்பிக் கொடுத்த மருந்தை அனுப்பக் கூடாது என்றது. ஏன் இவ்வளவு கறார்? இந்த மாதம் அம்லோடிபின் என்னும் பிரஷர் மாத்திரை 5 மில்லிகிராமில் நன்கொடையாக வந்தது, ஓர் அம்மாவுக்குக் கொடுத்தாயிற்று. அடுத்த மாதம் வந்தது 10 மில்லிகிராம். ‘அதே மாத்திரைதான்’ என்று கொடுத்தால், மருந்தின் அளவு இரண்டு மடங்காகி, அந்த அம்மா கால் வீங்கித் தலைசுற்றி நிற்பார். அதைவிட மோசம், ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் வருவது. பழைய அட்டையில் பாக்கி இருக்கிறது, புது அட்டை வேறு நிறத்தில் இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் விழுங்குவார். ஆகவே மருந்தின் பொதுப்பெயரைப் பெரிய எழுத்தில் ஒட்டுவது, பழைய அட்டைகளை எல்லாம் ஒரு பையில் கொண்டுவரச் சொல்லி எதிரே வைத்துச் சரிபார்ப்பது, முதலில் காலாவதியாவதை முன்வரிசையில் அடுக்குவது, மாதம் ஒருமுறை தட்டுகளைப் பார்த்துக் காலாவதியானதை விலக்கித் தனியே பூட்டி முறைப்படி அழிக்கக் கொடுப்பது என எல்லாம் நிர்வாக வேலை. வேண்டாத மருந்தை ‘நன்றி, எங்களுக்குப் பயன்படாது’ என்று திருப்பி அனுப்பும் துணிவும் அதில் சேரும்.

தடுப்பூசி வைக்கும் ஃப்ரிட்ஜைப் பற்றி ஒரு சொல். 2 முதல் 8 டிகிரி வரை இருக்க வேண்டும். கெட்டுவிடுமே என்ற கவலையில் அன்போடு குளிரைக் கூட்டி வைப்பவர்கள் உண்டு. மஞ்சள் காமாலை பி தடுப்பூசியும் டெட்டனஸ் தடுப்பூசியும் உறைந்தால் வீரியம் போய்விடும்; உருகிய பிறகு பார்த்தால் சட்டென்று வித்தியாசம் தெரியாது. போட்ட குழந்தைக்கும் தெரியாது, போட்ட செவிலியருக்கும் தெரியாது. கதவுத் தட்டில் வைக்காமல், காலையும் மாலையும் வெப்பநிலை எழுதி, வரம்பு மீறியிருந்தால் அந்தக் குப்பிகளை ‘பயன்படுத்தாதே’ என்று ஒதுக்கி, பொறுப்பதிகாரியைக் கேட்கும் வரை போடாமலும் எறியாமலும் வைத்திருக்க வேண்டும். கதவில் தொங்கும் அந்த ஒரு தாள்தான் குழந்தைக்குக் காவல்.

கட்டணத்துக்கு வருகிறேன். ‘இல்லாதவரிடம் வாங்க மாட்டோம், முகத்தைப் பார்த்தாலே தெரியும்’ என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் நெகிழ்ந்து சொன்னார். ஐயா, முகத்தைப் பார்த்து முடிவுசெய்தால் அழத் தெரிந்தவருக்குத் தள்ளுபடி கிடைக்கும். மானத்தை விட மனமில்லாதவர் கடன் வாங்கிக் கட்டிவிட்டுப் போவார், அடுத்த முறை வரவே மாட்டார். நான் சொன்ன அமெரிக்க மையங்களின் விதி வேறு. குடும்பத்தில் எத்தனை பேர், வருமானம் எவ்வளவு என்ற இரண்டே கேள்விதான். வறுமை வரம்புக்குள் இருந்தால் முழுத் தள்ளுபடி அல்லது பெயரளவுக் கட்டணம். அதற்கு மேல் வரம்பின் இரண்டு மடங்கு வரை படிப்படியாகக் குறையும் தள்ளுபடி. கட்ட முடியவில்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. அதை எல்லாரும் பார்க்கும்படி எழுதி மாட்டியிருக்க வேண்டும். கையேந்தாமல் உரிமையோடு உட்காரும் நாற்காலி அது. அந்த நாற்காலியைப் போட்டது விதி.

இப்போது, சமய அமைப்புகளுக்கே உரிய ஓர் ஆபத்தைச் சொல்ல வேண்டும். இதைப் பேசுவது சங்கடம். ஆனாலும் பேசியாக வேண்டும். வரவேற்பு மேசையில் இருப்பவரும் நோயாளியும் ஒரே சபையில் அமர்பவர்கள். ‘அவருக்காக வேண்டிக்கொள்ளுங்கள், பாவம், எச்.ஐ.வி.யாம்’ என்று ஒரு வாக்கியம், மெய்யான அன்போடுதான், பிரார்த்தனைப் பட்டியலில் ஏறுகிறது. குடியிருப்பு முழுக்கத் தெரிந்துவிடுகிறது. மனநோய்க்கு மாத்திரை எடுப்பவரும் திருமணமாகாமல் கருவுற்றவரும் குடிப்பழக்கத்திலிருந்து மீள நினைப்பவரும் அன்றோடு அந்த வாசலை மிதிக்க மாட்டார்கள். ஆகவே மையத்தில் அறிந்தது எதுவும் நோயாளியின் சம்மதமில்லாமல் வழிபாட்டுக் கூடத்துக்குப் போகக் கூடாது என்று ஒவ்வொரு தொண்டரும் கையெழுத்திட வேண்டும். யார் எந்தக் கோப்பைத் திறந்தார் என்பது பதிவாக வேண்டும். மொழி தெரியாத நோயாளிக்கு அவர் வீட்டுக் குழந்தையை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. பிரார்த்தனையை நோயாளி விரும்பினால் மட்டுமே, சிகிச்சைக்கு எந்த நிபந்தனையுமாக இல்லாமல், தனியே வைக்க வேண்டும். அரசு நேரடியாகத் தரும் நிதியை வழிபாட்டுக்குச் செலவிடக் கூடாது, அதை வேறு நேரத்திலோ வேறு இடத்திலோ நடத்த வேண்டும் என்பது அமெரிக்காவில் விதி. இந்த வேலி இருப்பதால்தான் வேறு மதத்தவரும் மதமே வேண்டாம் என்பவரும் உள்ளே வந்து உட்கார முடிகிறது.

கடைசியாக எதிரணி சொன்ன ஒன்று மனத்தில் நிற்கிறது. ‘பதிவேடு முகம் பார்க்காது, தொண்டர்தான் முகம் பார்ப்பார்’ என்றார்கள். வந்தவருடைய முகத்தைத் தொண்டர் பார்க்கிறார், உண்மை. வராதவருடைய முகத்தை யார் பார்ப்பது? ஒரு சர்க்கரை நோயாளி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி என்னும் சராசரிச் சர்க்கரை அளவு பார்க்க வேண்டியவர், ஆண்டுக்கு ஒருமுறை கண்ணும் பாதமும் சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டியவர், தேதி தவறிவிட்டார். அறை நிறைய ஆட்கள் இருக்கும்போது அவர் இல்லை என்பது எந்த நல்ல உள்ளத்துக்கும் தெரியாது. திங்கள் காலை ‘தவறியவர் பட்டியல்’ எடுப்பவருக்குத்தான் தெரியும். அன்றே தொலைபேசி, எடுக்கவில்லை என்றால் இரண்டு நாள் கழித்து வேறு நேரத்தில் ஒருமுறை, அதற்கும் பதில் இல்லை என்றால் அந்தத் தெருவின் நலப் பணியாளர் நேரில் போகிறார், வாசலில் நின்று நோயின் பெயரைச் சொல்லாமல் பேசுகிறார். ஏன் வரவில்லை என்ற காரணத்தை ஒரே சொல்லில் எழுதுகிறார்: வேலை நேரம், பேருந்து, பணம், பயம், மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. மாதக் கடைசியில் அந்தச் சொற்களை எண்ணுகிறார்கள். ‘வேலை நேரம்’ அதிகமாக இருந்தால் வாரத்தில் இரண்டு மாலை கதவு திறந்திருக்கும். ‘பேருந்து’ என்றால் இரத்தப் பரிசோதனையும் மருத்துவரும் மருந்தும் ஒரே நாளில் வரும்படி மாற்றுகிறார்கள். அந்த மாற்றத்துக்குக் கை தூக்கும் நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேல் அதே வரிசையில் நின்றவர்கள்.

நடுவர் அவர்கள் தீர்ப்பு எழுதும் முன், அந்தத் திங்கள் காலைப் பட்டியலில் பெயர் இருப்பவரை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நன்றி, வணக்கம்.