உடைமரமும் ஊமைத்துரையும்

(பாளையங்கோட்டையில் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியது)

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, கூப்பிட்டதும் வந்துவிட்ட வார்டு உறுப்பினர் அம்மா அவர்களே, மாடி அறையை மின்விசிறியோடு தந்திருக்கும் நூலகர் அவர்களே, பொன்னாடை வேண்டாம் என்று சொல்லியும் போர்த்திவிட்ட செயலாளர் அவர்களே, முன்வரிசையில் பகடையை உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கும் தம்பிமார்களே, எல்லாருக்கும் வணக்கம். தலைமையாசிரியர் ஐயாவிடம் நான் படித்ததில்லை. படித்திருந்தால் சுருக்கமாகப் பேசக் கற்றிருப்பேன் என்று சற்றுமுன் அவரே காதில் சொன்னார். வார்டு உறுப்பினர் அம்மாவிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மேசைப் போர் விளையாட்டு என்றால், மேசையில் களம் அமைத்து, பொம்மை வீரர்களை அங்குலக் கணக்கில் நகர்த்தி, பகடை உருட்டி ஆடுவது. அதற்குச் சரித்திரத்திலிருந்து ஒரு சின்ன மோதலை எடுத்து அமைப்பது எப்படி என்பது தலைப்பு. மூன்று விஷயம் சொல்ல வந்திருக்கிறேன்: களம், ஆள்கணக்கு, வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது. அதற்கு முன்னால் நான் எங்கே போனாலும் சொல்கிற பழமொழி. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். விலைகொடுத்து வாங்கும் ஈயப் பொம்மை இல்லையே என்று யாரும் கையைக் கட்டி உட்கார வேண்டாம். பல்குத்தும் குச்சி ஈட்டியாகும். தேங்காய் நார் கூரையாகும்.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கோட்டை முற்றுகையில் போய் விழுவார்கள். பாஞ்சாலங்குறிச்சி என்றாலே கோட்டைதான் அவர்களுக்கு. 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை இதே பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிப் போய், இடிந்து கிடந்த கோட்டையை மண்ணால் எழுப்பினார். மார்ச் 31-ல் கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, அதிகாரி மெக்காலேயின் படை அதில் முட்டித் தோற்றது. அக்னியூ தலைமையில் வந்த கும்பினிப் படையிடம் மே 24-ல்தான் கோட்டை விழுந்தது. இதை மேசையில் வைக்கப் பொம்மைகளுக்கு எங்கே போவது? சுவரில் உடைப்பு விழுகிற வரைக்கும் ஆடுகிறவன் பஜ்ஜி தின்றுகொண்டிருக்க வேண்டியதுதான்.

கோட்டை விழுந்தபிறகு நடந்ததைப் பாருங்கள். அந்தப் போரில் இருந்த வெல்ஷ் என்ற கும்பினி அதிகாரி எழுதிவைத்திருக்கிறார். விழுந்து கிடந்தவர்களில் தன் மகனைத் தேடி ஒரு கிழவி வருகிறாள். மகனுக்கு இன்னும் மூச்சு இருக்கிறது. என்னை விடு, பக்கத்தில் கிடக்கும் சாமியைக் காப்பாற்று என்கிறான். சாமி என்பது ஊமைத்துரை. பெண்கள் அவரைத் தூக்கிப்போகிறார்கள். கும்பினி பக்கம் நின்ற எட்டயபுரத்துப் படையாட்கள் தேடிக்கொண்டு வர, இவர்கள் துணியைப் போர்த்தி ஒப்பாரி வைக்கிறார்கள். அம்மையில் செத்த பிள்ளை என்கிறார்கள். வந்தவர்கள் திரும்பிப் பாராமல் ஓடுகிறார்கள்.

மூன்றடிக்கு மூன்றடி மேசை இதற்குப் போதும். ஒரு பக்கம் நாலைந்து பெண்கள், காயம்பட்ட ஒருவர். மறுபக்கம் எட்டுப் பத்துப் பேர். தூக்கிக்கொண்டு நடக்கிறவர்களுக்குச் சுற்றுக்கு நாலு அங்குலம், தேடுகிறவர்களுக்கு எட்டு அங்குலம். பிடிபட்டால் பகடை உருட்ட வேண்டும். மூன்றும் அதற்கு மேலும் விழுந்தால் அம்மை என்று நம்பி ஓடுவார்கள். குறைவாக விழுந்தால் ஒருவன் துணியை விலக்கிப் பார்ப்பான். எட்டயபுரத்து அன்பர்கள் யாரும் இருந்தால் கோபிக்க வேண்டாம். ஒரு பக்கத்தை முழுக்க வில்லனாக்கினால் அந்தப் பக்கம் உட்கார ஆள் கிடைக்காது. அவர்களுக்கும் அம்மைக்குப் பயந்த வீடு வாசல் இருந்திருக்கும்.

இந்த ஆட்டத்தை எங்கள் வீட்டுத் தார்சாவில் விரித்து வைத்திருந்தோம். மரம் செய்யும் வேலை என் மருமகனுடையது. குளத்துக் கரையிலிருந்து முள்குச்சியை ஒடித்து வந்து மேசை முழுக்க நட்டுவிட்டான். பக்கத்து வீட்டு ஆச்சி வெற்றிலைப் பெட்டியோடு வந்தவள் நின்று பார்த்தாள்.

“ஏலே, இது என்ன முள்ளுலே?”

“உடைமுள்ளு ஆச்சி.”

“உடையா? உடைமரம் குடை பிடிச்ச மாதிரில்லா நிக்கும். அடியில ஆடு நிக்கும், ஆட்டுக்காரன் நிப்பான். இது தரையிலேயே மண்டிக் கெடக்கே, இதுக்குள்ள எவன்லே நுழைவான்?”

“வெளையாட்டுக்குத்தான ஆச்சி.”

“வெளையாட்டுன்னா? தூரத்துல வரும்போதே பாத்துட்டானுவ, அதனாலதான அவளுவ ஒப்பாரி வச்சா? இந்த முள்ளு நின்னா சும்மா ஒளிஞ்சிருந்திருப்பாளுவல்லா?”

யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆச்சி விடவில்லை. பாக்குவெட்டியை எடுத்து, ஒவ்வொரு குச்சியிலும் கீழ்க்கிளையை நறுக்கி, மேலே மட்டும் பரப்பி விட்டாள். மருமகன் குனிந்து பார்க்கிறான்: மேசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஆள் தெரிகிறது. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம், எங்கள் ஆச்சிக்குப் பாக்குவெட்டியும் ஆயுதம். அன்றைக்கு எழுதியதுதான் இந்த ஆட்டத்தின் விதி: உடைமரம் வெயிலை மறைக்கும், பார்வையை மறைக்காது.

அவன் ஒடித்து வந்தது சீமைக் கருவேல். தென்னமெரிக்காப் பக்கத்துச் செடி. 1801-ல் அது இங்கே கிடையாது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறகு கொண்டுவந்தார்கள். இன்றைக்கு நம் பிள்ளைகளுக்கு முள் என்றால் அது ஒன்றுதான். குளத்துக்குள் நிற்கிறது, மடையை அடைக்கிறது, வாய்க்காலை மூடுகிறது. ஊர் எப்படி இருந்தது என்றே தெரியாதவன் அந்த ஊரில் நடந்த சண்டையை எப்படி மேசையில் வைப்பான்? அதனால்தான் சொல்கிறேன், களம் அமைக்கிற வேலை குளத்தில் ஆரம்பிக்க வேண்டும். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2017-ல் இந்த மரத்தை அகற்றச் சொன்னபோது ஊர்ஊராக வெட்டினார்கள். வெட்டியதோடு விட்ட இடத்திலெல்லாம் அடிமரம் மறுபடி தழைத்துக் கிளம்பியது.

ஆள்கணக்கில் கொஞ்சம்தான் சொன்னேன், வெற்றி தோல்விக்கு வரவே இல்லை. செயலாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். சரி, அவற்றை அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்.

வார்டு உறுப்பினர் அம்மாவுக்கான விண்ணப்பம் இதுதான். எங்கள் தெருக்கோடிக் குளத்தில் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் முள் எடுக்கிறோம். கையால் வெட்டினால் வேர் நிற்கும், தோண்டி எடுக்க ஜேசிபி வேண்டும். அதிகாரிகளிடம் அனுமதி வாங்கித் தர வேண்டியது அம்மா பொறுப்பு, டீசல் செலவு எங்களுடையது. முள் போன இடத்தில், கரைமேல், உடைவிதை ஊன்றுவோம். ஆட்டுக்காரர்களிடம் விதைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். தம்பிமார்கள் செருப்போடு வர வேண்டாம், முள் ஏறிவிடும், ஷூ போட்டு வாருங்கள். பெயர் கொடுக்கிறவர்கள் கீழே நூலகர் மேசையில் நோட்டு இருக்கிறது, எழுதிவிட்டு வடை எடுத்துக்கொள்ளுங்கள்.