‘சுகந்தான்’ என்ற ஒரு சொல்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

ஞாயிறு ஆராதனை முடிந்து ஆசீர்வாதம் கூறப்பட்ட பின், எங்கள் நாகர்கோவில் பக்கத்து ஆலய முற்றம் ஒன்றில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். “தோத்திரம், சுகமா இருக்கியளா?” என்ற கேள்வியும், “ஆண்டவர் கிருபையால் சுகம்” என்ற மறுமொழியும் காதில் விழுந்தபடியே இருக்கும். கேட்பவர் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்பார். சொல்பவரும் வேதாகமத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டே சொல்லுவார். இந்த மறுமொழியைப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. துக்க நாளிலும் கிருபை உண்டு என்பது நம் விசுவாசம். ஆனால், அந்த வாரத்தில் மகனை அடக்கம் செய்துவிட்டு வந்தவரும், மகளுக்கு வரன் அமைந்த மகிழ்ச்சியில் வந்தவரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், வேறு எதையாவது சொன்னால் விசுவாசக் குறைவு என்று எண்ணிவிடுவார்களோ என்ற அச்சம் நமக்குள் குடியிருக்கிறது என்றுதான் பொருள்.

இரண்டாம் ராஜாக்கள் நான்காம் அதிகாரத்தில் சூனேம் ஊர்ப் பெண் ஒருத்தி வருகிறாள். காலையில் வயலுக்குப் போன அவளுடைய ஒரே மகன், தலை நோகிறது என்று சொல்லி, நண்பகலில் தாயின் மடியிலேயே இறந்துபோகிறான். தன் வீட்டு மாடியறையில் தீர்க்கதரிசி எலிசாவுக்கென்று போட்டிருந்த கட்டிலில் பிள்ளையைக் கிடத்திக் கதவைப் பூட்டிவிட்டு, அவள் கழுதையின்மேல் ஏறி, எலிசா இருந்த கர்மேல் மலைக்கு விரைகிறாள். எதிரே ஓடிவந்த எலிசாவின் வேலைக்காரன் கேயாசி, நீ சுகமா, உன் புருஷன் சுகமா, பிள்ளை சுகமா என்று வரிசையாகக் கேட்கிறான். அவள், “சுகந்தான்” என்கிறாள். எபிரேய மூலத்தில் அது ‘ஷாலோம்’ என்ற ஒற்றைச் சொல். புறப்படும்போது கணவனுக்குச் சொன்னதும் அதே சொல்தான். பிள்ளையின் உடல் மாடியறையில் கிடக்கையில் இப்படிச் சொன்ன அவளை வேதம் ஓரிடத்திலும் கண்டிக்கவில்லை. வழியில் எதிர்ப்பட்ட எல்லாரிடமும் நெஞ்சைத் திறந்து காட்ட வேண்டும் என்ற கடமை துக்கப்படுகிறவருக்குக் கிடையாது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

ஆனால் எலிசாவைக் கண்டதும் அவள் ‘சுகந்தான்’ என்று சொல்லவில்லை. அவன் கால்களைக் கட்டிக்கொண்டாள். கேயாசி அவளை விலக்கிவிட வருகிறான். ஒழுங்கு கெடுகிறதே என்ற கவலை அவனுக்கு. எலிசாவோ அவளைத் தடுக்காதே என்கிறான். அவள் ஆத்துமா துக்கமாயிருக்கிறது என்றும், கர்த்தர் அதைத் தனக்கு அறிவியாமல் மறைத்தார் என்றும் சொல்லுகிறான். தீர்க்கதரிசியே தனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, அவள் பேசும்வரை காத்திருக்கிறான். நம் சபைகளில் நலம் விசாரிக்கிறவர்களில் கேயாசிகள் மிகுதி. நானும் பலமுறை கேயாசியாகவே இருந்திருக்கிறேன்.

ரூத் புத்தகத்தில் வரும் நகோமியின் துணிச்சல் வேறு வகையானது. மோவாபில் கணவனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்துப் பெத்லகேமுக்குத் திரும்பியபோது, ஊரே கூடி, இவள் நகோமியோ என்று கேட்டது. இனிமை என்று பொருள்படும் தன் பெயரையே அவள் மறுத்து, கசப்பு என்று பொருள்படும் மாராள் என்று கூப்பிடுங்கள் என்றாள். நிறைவுள்ளவளாய்ப் போன தன்னைக் கர்த்தர் வெறுமையாய்த் திரும்பிவரப்பண்ணினார் என்று தெருவில் நின்றே சொன்னாள். நம் ஆலய முற்றத்தில் ஒருவர் அப்படிச் சொன்னால், அடுத்த நிமிடமே, சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்ற வசனத்தை நான்கு பேராவது அவர்மேல் போர்த்திவிடுவோம். அந்த வசனம் மெய்யானது. அதை நாம் நீட்டுகிற நேரம்தான் தவறு. எல்லாவற்றையும் இழந்து துயரத்தில் இருந்த யோபுவின் நண்பர்கள்கூட ஏழு நாள் தரையில் அவரோடு வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பேசத் தொடங்கிய பிறகே கெடுத்தார்கள்.

2004 டிசம்பர் 26 ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடல் எங்கள் மாவட்டத்தின் குளச்சலையும் மணக்குடியையும் அழித்துச் சென்றது. ஐந்தே நாளில் ஆண்டிறுதி ஆராதனை வந்தது. நள்ளிரவில், புத்தாண்டுக்கென்று வேத வசனம் அச்சிட்டுத் தரும் வாக்குத்தத்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, “புத்தாண்டு வாழ்த்துகள்” என்று சொல்ல வாயெடுத்தும் சொல் வராமல், ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி நின்றோம். என் நினைவில், எங்கள் சபை ஒருவரையொருவர் மெய்யாகவே விசாரித்துக்கொண்ட இரவு அதுதான். சங்கீதப் புத்தகத்தின் 150 பாட்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். 88 ஆம் சங்கீதம் ஆறுதலான ஒரு வரிகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதை அன்றைக்கு எங்களில் ஒருவரும் வாசிக்கவில்லை, வாசித்திருக்கலாம்.

என் தாயார் மறைந்தபின் நான் ஆலயத்துக்குப் போன முதல் ஞாயிறன்று, ஏழெட்டுப் பேரிடம் “கிருபையால் சுகம்” என்று சொல்லி முடித்திருந்தேன். பின் பெஞ்சில் இருந்த வயதான அம்மா ஒருவர் மட்டும் நலம் விசாரிக்கவில்லை. அருகில் வந்து உட்கார்ந்து, “ராத்திரி உறக்கம் வருதா மக்களே?” என்று கேட்டார். ‘எப்படி இருக்கிறாய்’ என்பது மிகப் பெரிய கேள்வி; உடைந்திருக்கிறவர் அதற்கு எங்கிருந்து தொடங்குவார்? உறக்கம் வருகிறதா என்பதற்கோ உண்மையான விடை ஒன்று என்னிடம் இருந்தது. இல்லை என்றேன். “எனக்கும் எங்க வீட்டுக்காரர் இறந்த வருஷம் வரல்ல” என்றார், அவ்வளவுதான். வசனம் எதுவும் சொல்லவில்லை. வாசற்கதவைப் பூட்ட ஆள் வரும்வரை இருவரும் அந்தப் பெஞ்சிலேயே இருந்தோம்.

சிலுவைக்கு முந்தின இரவில், கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவர் இயேசு தம்முடைய துக்கத்தை மறைக்கவில்லை. தம் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது என்று மூன்று சீஷர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். தேற்றுங்கள் என்று அவர் கேட்கவில்லை. என்னோடேகூட விழித்திருங்கள் என்றுதான் கேட்டார். அவர்களோ உறங்கிப்போனார்கள்.