அப்பா காது மெஷினைப் பீரோவுல வெச்சுட்டார், நாங்க ஏமாந்துட்டோமா?

அடுத்த கேள்வி குமாரபாளையத்துல இருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்காங்க. கொஞ்சம் பெரிய மெசேஜ். அப்படியே படிச்சுடறேன்.

"எங்கப்பாவுக்கு 71 வயசு. 38 வருஷம் தறி ஓட்டுனவரு. அஞ்சாறு வருஷமா காது மந்தம். கூப்பிட்டா திரும்புவாரு, பேசுனா 'என்ன, என்ன'ம்பாரு. சத்தமாச் சொன்னா 'ஏன் கத்துற'ன்னு கோவிச்சுக்குவாரு. போன மாசம் 42,000 ரூபாய் போட்டு காது மெஷின் வாங்குனோம். மூணு நாள் போட்டாரு, அப்புறம் டப்பாவோட பீரோவுல வெச்சுட்டாரு. கேட்டா, 'ஒரே இரைச்சல், பேச்சு மட்டும் புரியல'ங்கறாரு. நாங்க ஏமாந்துட்டோமா? வேற கம்பெனி மாத்தணுமா? காது கேக்கலைன்னா மறதி வந்துடும்னு சொல்றாங்களே, அது நிஜமா?"

சரிங்க. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், மெஷினை யாருக்கும் பாதி விலைக்குத் தள்ளி விட்டுடாதீங்க. கம்பெனி மாத்தவும் ஓடாதீங்க. நீங்க எழுதுனதுல ஒரு வரியிலயே முக்கால்வாசி பதில் இருக்கு. மெதுவாப் பேசுனா 'என்ன', சத்தமாப் பேசுனா 'ஏன் கத்துற'. இதைப் பாத்துட்டு வீட்ல என்ன சொல்லுவாங்க? "பெரியவருக்கு வேணுங்கறது மட்டும் காதுல விழும்." இந்தப் பேச்சு பேசாத குடும்பம் என்கிட்ட வந்ததே இல்லைங்க. ஆனா அவர் நடிக்கல. ரெண்டும் ஒரே பழுதோட ரெண்டு முகம்.

உள்காதுல நத்தை ஓடு மாதிரி ரெண்டரைச் சுத்து சுருண்ட ஒரு உறுப்பு இருக்கு, கோக்ளியா. அதுக்குள்ள முடி மாதிரி இழை வெச்ச செல்கள், ஒரு காதுக்கு சுமாரா 15,000. ஆர்மோனியக் கட்டை மாதிரி வரிசையா உக்காந்திருக்கும். வாசல் பக்கம் இருக்கறது கீச்சுன்னு வர்ற சத்தத்துக்கு. உள்ள போகப் போக கனமான சத்தத்துக்கு. வயசானாலும் சரி, தறிச் சத்தத்துல நின்னாலும் சரி, முதல்ல சாகறது வாசல் பக்கத்து ஆளுங்கதான். செத்தா திரும்ப முளைக்காது. வேடிக்கை என்னன்னா, கோழிக்கு முளைக்கும். கோழிக்கு உள்காது செல் அழிஞ்சா சில வாரத்துல புதுசா வந்துடும். மனுசனுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல.

அந்த 15,000-ல சுமார் 12,000 செல்லுக்கு ஒரு தனி வேலை இருக்கு. சின்னச் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும், பெரிய சத்தத்தை அப்படியே விட்டுடும். இதுங்க போயிட்டா சின்னச் சத்தம் விழவே விழாது. பெரிய சத்தம் மட்டும் முழு பலத்தோட உள்ள வந்து இடிக்கும். கேக்க ஆரம்பிக்கற இடத்துக்கும் எரிச்சலாகற இடத்துக்கும் நடுவுல நமக்கு ஒரு பெரிய மைதானம் இருக்கு. அவருக்கு அது ஒரு சந்து. நீங்க பேச்சை அந்தச் சந்துக்குள்ள செலுத்தணும். கொஞ்சம் குறைஞ்சா 'என்ன', கொஞ்சம் ஏறுனா 'கத்தாத'.

அப்புறம் இந்தப் 'புரியல'. பேச்சுல ஆ, ஊ, ஓ, ம, ன இதெல்லாம் கனமான சத்தம், நல்ல பலம் உள்ளது. ச, த, க, ப இதெல்லாம் மெல்லிசு, கீச்சுப் பக்கம் இருக்கறது. சத்தத்தோட பலம் உயிரெழுத்துல இருக்கு, அர்த்தம் மெய்யெழுத்துல இருக்கு. உங்கப்பாவுக்குப் போனது அந்த அர்த்தம் இருக்கற பகுதி. மருமக சமையக்கட்டுல இருந்து "தட்டு எங்க மாமா"ன்னு கேட்டா, அவருக்குப் போய்ச் சேர்றது "அட்டு எங்க". தட்டா, கட்டா, பட்டா? ஜவுளியிலயே வாழ்ந்த மனுசன், "பட்டா? நம்ம வீட்ல ஏது பட்டு?"ம்பார். எல்லாரும் சிரிப்பீங்க. அடுத்த தடவை அவர் பதிலே சொல்ல மாட்டார், தலையை மட்டும் ஆட்டுவார். காது மந்தமானவங்க பேச்சைக் குறைக்கறது இப்படித்தான் ஆரம்பிக்குது.

இப்ப அவரோட ஆடியோகிராம் பேப்பரை எடுங்க, எந்தச் சத்தம் எவ்வளவு கேக்குதுன்னு காட்டற டெஸ்ட் பேப்பர். மெஷின் வாங்கும்போது ஒரு கிராஃப் கொடுத்திருப்பாங்க. கொடுக்கலைன்னா அங்கேயே ஒரு சந்தேகம் வரணும். கிராஃப் இல்லாம மெஷின் வெக்கறது, பவர் பாக்காம கண்ணாடி மாட்டற மாதிரி. சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. மேல இடமிருந்து வலமா 250 ஹெர்ட்ஸ்ல, அதாவது கனமான சத்தத்துல ஆரம்பிச்சு, 8,000-ங்கற கீச்சுச் சத்தம் வரைக்கும் போகும். கோடு கீழ இறங்க இறங்க கேக்கறது கம்மின்னு அர்த்தம். நான் பாக்காமலே சொல்றேன், உங்கப்பா கோடு பேப்பரோட இடது பக்கம் ஓரளவு மேல இருக்கும். 2,000 தாண்டினதும் கெணத்துல எறங்குற படி மாதிரி சரியும், 3,000-ல இருந்து 6,000-க்குள்ள நல்ல பள்ளம் இருக்கும். தறிக்காரங்க கிராஃப் பெரும்பாலும் இப்படித்தான். இதுக்கு மாறா ஒரு காது நல்லா இருந்து இன்னொண்ணு மட்டும் ரொம்ப மோசம்னா, மெஷினை விடுங்க, முதல்ல ஈ.என்.டி. டாக்டரைப் பாருங்க. அது வேற கணக்கு.

தறின்னதும் ஒரு விஷயம் சொல்லாம நகர முடியல. சத்தத்தோட பலத்தை டெசிபல்ல அளப்பாங்க. 85 டெசிபல் சத்தத்துல எட்டு மணி நேரம் நிக்கலாம். அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-ன்னா நாலு மணி நேரம், 100-ன்னா வெறும் கால் மணி நேரம். பவர்லூம் கொட்டாயில 95, 100 எல்லாம் சர்வ சாதாரணம். உங்கப்பா அதுல ஷிப்டு ஷிப்டா நின்னிருக்கார். சத்தத்தால வர்ற செவிட்டுத்தன்மை 1948 தொழிற்சாலைச் சட்டத்தோட தொழில்நோய்ப் பட்டியல்லயே இருந்துச்சு. ஆனா எத்தனை பட்டறையில காதடைப்பான் கொடுக்கறாங்க? பஞ்சை எடுத்துக் காதுல வெச்சுக்குவாங்க, அது சும்மா. உங்க வீட்ல இன்னும் யாராவது தறிக்குப் போனா 50 ரூபாய்க்குள்ள ஃபோம் காதடைப்பான் கிடைக்கும், வாங்கிக் கொடுங்க.

சரி, மெஷினுக்கு வருவோம். மூணு நாள்ல ஏன் கழட்டுனார்? என் தப்பு ஒண்ணு சொல்றேன், அதுல இருந்து புரியும். நான் வேலைக்கு வந்த புதுசுல ஒரு ரிட்டயர்டு வாத்தியாருக்கு மெஷின் வெச்சேன். கம்ப்யூட்டர் என்ன அளவு சொல்லுச்சோ அதை முதல் நாளே முழுசா ஏத்தி விட்டேன். ஏசி ரூம், கதவு சாத்தியிருக்கு, "அருமையா கேக்குது"ன்னார். எனக்குப் பெருமை தாங்கல. எட்டு மாசம் கழிச்சு அவர் சம்சாரத்துக்குக் காட்ட வந்தார், காதுல மெஷின் இல்ல. ஏன் சார்னேன். "உன் ரூம்ல நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. கீழ எறங்குனதும் ஒரு பஸ் ஹாரன் அடிச்சான். அப்பவே கழட்டி சட்டைப் பையில போட்டுட்டேன்"னார். அன்னையில இருந்து யாருக்கு மெஷின் வெச்சாலும் கையோட ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போய் டீக்கடை வாசல்ல ரெண்டு நிமிஷம் நிக்க வெக்கறேன்.

உங்கப்பா மூளைக்கு அஞ்சாறு வருஷமா ஃபேன் சத்தம், பாத்திரம் உருள்ற சத்தம், பேப்பர் மடிக்கற சத்தம் எதுவும் போகல. ஒரே நாள்ல எல்லாத்தையும் திறந்து விட்டா அவருக்கு அது இரைச்சல்தான். நமக்கும் அதே சத்தம் இருக்கு, நம்ம மூளை அதை ஒதுக்கக் கத்துக்கிட்டிருக்கு. அவர் மூளை அதைத் திரும்பப் பழகணும். ரெண்டு மூணு மாசம் ஆகும். கண்ணாடி போட்டா அன்னைக்கே தெரியும், காது மெஷின் அப்படி இல்ல. விக்கறவங்க இதைச் சொல்றதில்ல, அதான் எனக்கு ஆத்திரம்.

அதனால மெஷினை எடுத்துக்கிட்டு வெச்சவங்ககிட்டயே போங்க. போறதுக்கு முன்னாடி காதுல அழுக்கு அடைச்சிருக்கான்னு டாக்டர்கிட்ட பாத்துடுங்க. ஊக்கு, தேங்காய் எண்ணெய், பட்ஸ் எதுவும் காதுக்குள்ள வேண்டாம். அங்க போய் வெறுமனே "இரைச்சலா இருக்கு"ன்னு சொன்னா அவங்க ஒட்டுமொத்தமா சத்தத்தைக் குறைச்சு அனுப்பிடுவாங்க, அப்ப பேச்சும் சேர்ந்து போயிடும். ஒரு வாரம் நோட்டுல எழுதுங்க. மிக்ஸி ஓடுறப்ப வலிக்குதா? அவர் குரலே அவருக்குக் குடத்துக்குள்ள பேசற மாதிரி இருக்கா? கையைக் காதுகிட்ட கொண்டு போனா மெஷின் கூவுதா? ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற. வலிச்சா பெரிய சத்தத்துக்கு மட்டும் உச்சவரம்பு குறைக்கணும். குடத்துக்குள்ள பேசற மாதிரி இருந்தா காதுல வெக்கற ரப்பர்ல ஓட்டை உள்ளதா மாத்திப் பாக்கணும். கூவுனா ரப்பர் லூசு, இல்ல காதுல அழுக்கு. இந்த மாதிரி மூணு நாலு தடவை போய் வர்றதுதான் மெஷின். நீங்க கொடுத்த 42,000-ல அதுவும் சேர்த்திதான், கூச்சப்படாம கேளுங்க. காதுக்குள்ள மெல்லிசான குழாய் விட்டு, மெஷின்ல இருந்து செவிப்பறைகிட்ட எவ்வளவு சத்தம் போகுதுன்னு அளக்கற டெஸ்ட் இருக்கு, ரியல் இயர் மெஷர்மென்ட்னு பேரு. அது அங்க இருந்தா பண்ணச் சொல்லுங்க. மெஷின் சத்தத்தை 16 சேனலா, அதாவது 16 பாகமா பிரிக்குதா, 24-ஆ பிரிக்குதாங்கறதை விட இது முக்கியம்னு நான் நினைக்கறேன்.

வீட்ல முதல் வாரம் காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். டிவி வேண்டாம். ஒரே ஒரு ஆள், எதிர்ல உக்காந்து, முகத்துல வெளிச்சம் விழற மாதிரி பேசுங்க. பேத்தி பக்கத்துல உக்காந்து பள்ளிக்கூடக் கதை சொன்னா அதை விட நல்ல பயிற்சி இல்ல. அப்புறம் தெரு, அப்புறம் கடைத்தெரு. கல்யாண மண்டபம் எல்லாம் கடைசி, மேளச் சத்தத்துல நமக்கே கேக்காது. நீங்களும் சமையக்கட்டுல இருந்து கத்தறதை விடணும். முதல்ல "அப்பா"ன்னு கூப்பிட்டு, அவர் திரும்பினதுக்கு அப்புறம் விஷயத்தைச் சொல்லுங்க. புரியலைன்னா அதே வார்த்தையைச் சத்தமாச் சொல்லாம வேற வார்த்தையில சொல்லுங்க. "தட்டு எங்க" புரியலையா, "சோறு போட தட்டு வேணும்". ரெண்டு காதும் போயிருந்து ஒரு மெஷின்தான் வாங்கியிருக்கீங்கன்னா, பின்னாடி முடிஞ்சா இன்னொண்ணும் பாருங்க. ஆளுங்க நடுவுல ஒருத்தர் பேச்சைப் பிரிச்செடுக்க ரெண்டு காதும் வேணும்.

இதைப் பாருங்க, கேமரால தெரியுதா? ஒருத்தர் ரிப்பேருக்குக் கொடுத்தது. நுனியில வெள்ளைப் புள்ளி மாதிரி இருக்கறது அழுக்கு வடிகட்டி. முழுக்க தேங்காய் எண்ணெய். மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல, 'செத்துப் போச்சு'ன்னு கொண்டு வந்தாங்க. தலைக்கு எண்ணெய் வெச்சா, குளிச்சா மெஷின் வெளிய. நம்ம ஊர் வேர்வைக்கு, ராத்திரி பேட்டரி மூடியைத் திறந்து சிலிகா ஜெல் போட்ட டப்பாவுல வைங்க. பேட்டரி ஸ்டிக்கரை உரிச்சா காத்து பட்டு வேலையை ஆரம்பிச்சுடும், திரும்ப ஒட்டினாலும் நிக்காது. உரிச்சதும் ஒரு நிமிஷம் கழிச்சுப் போட்டா நல்லா வேலை செய்யும்.

காசு இல்லாதவங்களுக்கு ஒரு வார்த்தை. கலெக்டர் ஆபீஸ்ல மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கு, அங்க இலவசமா காதுக்குப் பின்னாடி மாட்டற மெஷின் கொடுக்கறாங்க. அரசு ஆஸ்பத்திரி ஈ.என்.டி.ல டெஸ்ட் பண்ணி சான்றிதழ் வாங்கணும். ஒரு சிக்கல் இருக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி ரெண்டு காதுலயும் பேச்சு அலைவரிசையில 60 டெசிபல் இழப்பு இருந்தாத்தான் மாற்றுத்திறனாளின்னு கணக்கு. உங்கப்பா மாதிரி கனமான சத்தம் நல்லா கேட்டு, கீச்சு மட்டும் போனவங்களுக்குச் சராசரி குறைவா வந்துடும். கஷ்டம் நிறைய, பேப்பர்ல கம்மி. ஆன்லைன்ல 800 ரூபாய்க்கு வர்றது காது மெஷின் இல்ல, எல்லாத்தையும் ஒரே மாதிரி பெருசாக்கற ஸ்பீக்கர். அந்தச் சந்துக்குள்ள லாரி விடற மாதிரி.

மறதி. லான்செட்ங்கற மருத்துவ இதழோட ஆணையம் மறதி நோய்க்கான, நம்மால மாத்தக்கூடிய காரணங்கள்ல காது மந்தத்தையும் சேர்த்திருக்கு, உண்மை. ஆனா "மெஷின் போட்டா மறதி வராது"ன்னு விளம்பரம் பண்றாங்களே, அது அதிகப்படி. 2023-ல வந்த அமெரிக்க ஆய்வுல 70 வயசுல இருந்து 84 வயசு வரைக்கும் 977 பேரை மூணு வருஷம் பாத்தாங்க. மொத்தமாப் பாத்தா மெஷின் போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் வித்தியாசம் இல்ல. ஏற்கனவே ஆபத்து அதிகமா இருந்த பிரிவுல மட்டும் நினைவுச் சரிவு 48 சதவீதம் குறைஞ்சது. நான் மறதியைச் சொல்லிப் பயமுறுத்தி மெஷின் போட வெக்க மாட்டேன். பேத்தி பேசறது புரியணும், அது போதும்.

இன்னும் ஒண்ணு, இது உங்கப்பாவுக்கு இல்ல, பாக்கற எல்லாருக்கும். ராத்திரி நல்லா இருந்த காது காலையில எழுந்தா அடைச்சுப் போய் கேக்கலைன்னா, 'சளியா இருக்கும்'னு பத்து நாள் உக்காராதீங்க. அன்னைக்கே ஈ.என்.டி. டாக்டரைப் பாருங்க. ஸ்டீராய்டு மாத்திரை சீக்கிரம் ஆரம்பிச்சா கேக்கற சக்தி திரும்ப வாய்ப்பு உண்டு, ரெண்டு வாரம் தாண்டினா வாய்ப்பு குறைஞ்சுக்கிட்டே போகும்.

சகோதரி, மெஷின் டப்பாவுல வாரண்டி கார்டு இருக்கும், தேதி பாத்துக்கங்க. போயிட்டு வந்து என்ன ஆச்சுன்னு இதே வீடியோ கீழ எழுதுங்க. அடுத்து, ஒரு அம்மா கேட்டிருக்காங்க, "குழந்தைக்கு ஒன்றரை வயசு, கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குது, பாட்டி 'லேட்டா பேசும்'ங்கறாங்க." இதுக்குக் கொஞ்சம் அவசரமா பதில் சொல்லணும்.