சாக்கடை இல்லை, வாய்க்கால்

வணக்கம் நேயர்களே. போன வாரம் மதியம் சிங்கப்பூரில் தேக்கா பக்கம் போயிருந்தபோது சரியான மழை, ஒரு சாப்பாட்டுக்கடை வாசலில் ஒதுங்கி நின்றேன். கடையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் தரை துடைத்த வாளியைத் தூக்கி வந்து, எண்ணெய் படலம் படலமாக மிதக்கும் அந்தத் தண்ணீரை அப்படியே சாலையோர லோங்காங்கில், அதாவது திறந்த வடிகாலில், கவிழ்த்தார். ஒரு பச்சைமிளகாய்க் காம்பு சுற்றிச் சுற்றிப் போய் இரும்புக் கம்பிக்கு அடியில் மறைந்தது. "தம்பி, அதுல ஊத்தாதீங்க" என்றேன். "சாக்கடைதானே அண்ணே" என்றார்.

அவர் மேல் தப்பே இல்லை. நம் ஊர்ப் பக்கம் தெருவோரம் ஓடினால் அது சாக்கடைதான். ஆனால் சிங்கப்பூரில் கழிவுநீருக்கு ஒரு பாதை, மழைநீருக்கு வேறு பாதை. கழிவறை, குளியலறை, சமையலறைத் தண்ணீரெல்லாம் பூமிக்கடியில் குழாயில் சுத்திகரிப்பு ஆலைக்குப் போகிறது. தெருவோரம் திறந்து கிடப்பது மழைக்காக வெட்டியது. தேக்கா பக்கத்து மழை ரோச்சோர் கால்வாயில் விழுந்து, காலாங் வழியாக மரினா நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சேருகிறது. 2008-ல் மரினா அணைக்கட்டைக் கட்டிக் கடலைத் தடுத்த பிறகு உருவான நன்னீர்த் தேக்கம் அது. சிங்கப்பூரில் ஆறில் ஒரு பங்கு நிலத்தின் மழை அங்கேதான் வந்து சேருகிறது. அப்புறம் அது சுத்தமாகி நம் வீட்டுக் குழாய்க்கு வருகிறது.

பள்ளியில் நீர்ச்சுழற்சி படம் வரைந்திருப்போம். வெயிலில் கடல்நீர் ஆவியாகிறது, உப்பு கீழேயே தங்கிவிடுகிறது, மேகம், மழை, ஆறு, மறுபடி கடல். நம் தமிழ்நாட்டில் அந்த மழையில் ஒரு பங்கு ஏரியிலும் கண்மாயிலும் நின்று, மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றில் ஊறும். இங்கே வருடத்துக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது, சென்னையைவிட எவ்வளவோ அதிகம், ஆனாலும் இயற்கையான ஏரி கிடையாது, நம்பியிருக்கும் அளவுக்கு நிலத்தடி நீரும் கிடையாது, தீவும் சின்னது என்பதால் பிடித்து வைக்காவிட்டால் பெய்த மழை கொஞ்ச நேரத்தில் கடலுக்குப் போய்விடும். மழைக்குப் பஞ்சமில்லை, தேக்க இடத்துக்குத்தான் பஞ்சம். அதனால்தான் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தையே நீர்ப்பிடிப்புப் பகுதியாக்கி, 17 நீர்த்தேக்கங்களில் மழையைச் சேர்க்கிறார்கள்.

அதுவும் போதாது. 1962 ஒப்பந்தப்படி மலேசியாவில் உள்ள ஜொகூர் ஆற்றிலிருந்து நாளுக்கு 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அது 2061-ல் முடிகிறது. கடல்நீரைக் குடிநீராக்குகிறோம், அதற்கு மின்சாரம் நிறையச் செலவாகிறது. 2003 முதல் புதுநீர். பயன்படுத்திய தண்ணீரை நுண்வடிகட்டி, சவ்வில் அழுத்தி, புற ஊதாக் கதிர் காட்டித் தூய்மையாக்குவது; பெரும்பாலும் தொழிற்சாலைகளுக்குப் போகிறது, வறண்ட மாதங்களில் நீர்த்தேக்கத்திலும் கலக்கிறார்கள். சிலர் இன்னும் முகம் சுளிக்கிறார்கள். கடலும் மேகமும் வெகுகாலமாகச் செய்யும் வேலையைத்தான் இங்கே சவ்வு செய்கிறது, எனக்கு அதில் பெருமைதான்.

1963 ஏப்ரலிலிருந்து பத்து மாதம் இங்கே தண்ணீருக்குப் பங்கீடு இருந்தது. அந்தக் காலத்து வாளி வரிசையைப் பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

சரி, அந்தத் தம்பியிடம் இவ்வளவும் சொல்லவில்லை, மழை விடுவதற்குள் சொல்லவும் முடியாது. "இது சாக்கடை இல்ல தம்பி, வாய்க்கால். நாம குடிக்கிற தண்ணி இதுலதான் போகுது" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் லோங்காங்கையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப இதை எங்க ஊத்துறது?" என்றார். உள்ளே கழிவறையில் ஊற்றச் சொன்னேன். அடுத்த வாளியைப் பின்பக்கம் தூக்கிக்கொண்டு போனார்.